அறிதுயிலும் மனவசியமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் 'பஞ்ச்', நியூயார்க்கின் 'பக்', 'ஜட்ஜ்' போன்ற நகைச்சுவை இதழ்களில் வந்த கேலிச்சித்திரங்களைப் பற்றி எழுதும் நம்மவர்கள், விரல்களை விரித்து, விழிகளை உருட்டி, எதிரில் இருப்பவரைத் துயில் போன்ற நிலைக்குக் கொண்டுபோகும் ஹிப்னாடிசக்காரரை 'மனவசியக்காரர்' என்கிறார்கள். துணிந்த சிலர் 'மந்திரவாதி' என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பிழை.

ஹிப்னோஸ் என்பது கிரேக்கரின் துயில் தெய்வம். மான்செஸ்டரில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பிரெய்டு 1841இல் மெஸ்மர் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கிய மெஸ்மரிசம் என்னும் முறையின் மேடைக் காட்சி ஒன்றைக் கண்டு, அதை ஆராய்ந்து, 1843இல் வெளியிட்ட நூலின் வழியே ஹிப்னாடிசம் என்ற சொல்லை நிலைபெறச் செய்தார்.

மெஸ்மர் சொன்ன காந்தப் பாய்மம் எதுவும் செய்பவரின் கையிலிருந்து பாயவில்லை, ஒன்றிலேயே ஊன்றிய கவனந்தான் காரணம் என்பது பிரெய்டின் வாதம். வசியமோ அட்டகருமங்கள் எனப்படும் எட்டு மாந்திரிகச் செயல்களுள் ஒன்று. அது செய்பவரின் ஆற்றலைச் சொல்கிறதே தவிர, உட்படுபவரின் நிலையைச் சொல்லவில்லை. பிரெய்டு வாசல் வழியே வெளியேற்றியதை நாம் கொல்லை வழியே அழைத்து வருகிறோம். 'மனோவசியம்' என்பதில் உள்ள 'மனோ'வை 'மன' என்று திருத்திவிட்டால் தனித்தமிழாகிவிடும் என்று நினைப்பவர்கள், பக்கத்திலேயே வசியம் என்ற வடசொல் குந்தியிருப்பதைக் கவனிப்பதில்லை.

அந்தச் சித்திரக்காரர்கள் வசியத்தைத்தானே வரைந்தார்கள் என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 'பஞ்ச்' இதழின் ஓவியர் ஜார்ஜ் து மோரியே 1894இல் எழுதிய 'டிரில்பி' நாவலில், பாடத் தெரியாத பெண்ணை ஸ்வெங்காலி என்பவன் ஹிப்னாடிசத்தால் தன் பிடியில் வைத்துப் பெரும் பாடகியாக்குகிறான். அவனை மனிதத் தலையுடன் வலையில் அமர்ந்த சிலந்தியாகவே ஆசிரியர் ஓரிடத்தில் வரைந்திருக்கிறார். பின்னால் வந்த கேலிச்சித்திரக்காரர்களுக்கு அது ஆயத்த அச்சானது. ஆனால் மருத்துவப் பெயரைச் சூடிக்கொண்டு மேடை வித்தை நடக்கிறதே, அந்தப் பொருந்தாமையில்தான் சிரிப்பு பிறக்கிறது. பெயரையும் வசியம் என்று மாற்றிவிட்டால் வெறும் பில்லிசூனியக் கதைதான் மிஞ்சும். படத்துக்குள் ஒரு பாத்திரம் அஞ்சி அலறி "வசியம் பண்ணிட்டான்!" என்றால் அது வேறு, அங்கே அச்சொல் இருக்கலாம். விளக்கம் எழுதுகிறவர் அப்படி எழுதலாகாது.

அறிதுயில் என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. பாற்கடலில் பாம்பணைமேல் திருமால் கொள்வது அது. உறங்குவதுபோல் தோன்றினாலும் அறிவு விழித்திருக்கும் நிலை. பக்தி வாசம் வீசுகிறது என்று முகஞ்சுளிப்பவர்களுக்கு, ஹிப்னோஸும் தெய்வந்தான் என்று சொல்லலாம். துயில் என்பது பொருந்தவில்லை என்று பிரெய்டே பிற்பாடு உணர்ந்து, 1847இல் ஒரே எண்ணத்தில் ஊன்றியிருத்தல் என்ற பொருளில் 'மோனோஐடியிசம்' என்று வேறு சொல்லை முன்வைத்தார், அது எடுபடவில்லை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, 'அறி' என்ற முன்னொட்டே அக்குறையைத் தீர்த்துவிடுகிறது. செய்பவரை அறிதுயிலூட்டுநர் என்போம்.

மெஸ்மரிசம் ஆள்பெயரிலிருந்து வந்ததால் அதை அப்படியே விடலாம். அதையும் மனவசியம் என்று பெயர்க்கிறவர்கள், "இது மெஸ்மரிசம் அல்ல, ஹிப்னாடிசம்" என்று ஒரு படத்தின் கீழ் இருந்தால் தமிழில் என்ன எழுதுவார்களோ!