சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

உடைந்த மண்கலங்களையும் பீங்கானையும் செப்பனிடுவது என் தொழில். பழைய இத்தாலியச் சாடி என்று என் மேசைக்கு வருபவற்றில் பாதியை, வாங்கியவர்கள் ஒருமுறைகூடக் கவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முகப்பு ஓவியத்திலேயே மயங்கிவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒருவர் வேட்டித் துணியில் சுற்றி ஓர் அல்பரெல்லோவைக் கொண்டுவந்தார். மருந்துக் கடைகளில் களிம்பும் லேகியமும் வைத்திருந்த ஒடுங்கிய இடுப்புச் சாடி அது. அலமாரியில் நெருக்கமாக அடுக்கினாலும் விரல் நுழைத்து எடுக்க அந்த இடுப்பு உதவும். மூடி கிடையாது, வாயில் தோலைப் போர்த்தி, விளிம்புக்குக் கீழே நூலால் கட்டுவார்கள். நீலமும் மஞ்சளுமாகக் கொடிகள், நடுவே லத்தீனில் மருந்தின் பெயர். 16-ஆம் நூற்றாண்டுச் சாடி என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

கவிழ்த்தேன். அடியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் மண் சுரண்டப்பட்டு வெளிறியிருந்தது. சுற்றிலும் பழுப்பு அழுக்கு. ஈரப் பஞ்சால் ஒற்றினேன். தேநீர் நிறத்தில் வந்துவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் ஊறிய அழுக்கு இவ்வளவு சுலபமாக வராது. நூல் கட்டும் இடத்தையும் பார்த்தேன். அங்கே தேய்மானமே இல்லை. தேய வேண்டாத வயிற்றிலோ உப்புத்தாள் தேய்த்த கோடுகள், எல்லாம் ஒரே திசையில். புழங்கித் தேய்ந்த கலத்தில் கீறல்கள் நாலா பக்கமும் ஓடும்.

சுரண்டியது எதற்கு என்று ஊகிப்பது கடினமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுமலர்ச்சிக் காலக் கலங்களின் மீது செல்வந்தர்களுக்கு மோகம் வந்தது. பட்டறைகள் அதே பாணியில் அழகாகச் செய்து கொடுத்தன. ஃபிளாரன்ஸின் கான்டகல்லி பட்டறை அடியில் கூவும் சேவலைப் போட்டது. அது நேர்மையான தொழில். முத்திரையை அழித்துவிட்டு வயதைக் கூட்டிச் சொல்வதுதான் மோசடி.

அடியில் "இத்தாலி" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது 16-ஆம் நூற்றாண்டுக் கலம் அல்ல. அந்த நாடு ஒன்றுபட்டதே 1861-இல். இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா கேட்கத் தொடங்கியது 1891-இல்.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்தது என்று பெருமையாகச் சொல்லி விற்கும் எட்ருஸ்கக் கலங்களை, அதாவது ரோமானியருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்தவர்களின் கலங்களை, நான் தொடுவதே இல்லை. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இத்தாலியில் மண்ணுக்கடியில் கிடைப்பது அரசின் சொத்து. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972-இல் சுமார் பத்து லட்சம் டாலருக்கு வாங்கிய, பழங்காலக் கிரேக்க ஓவியர் யூஃப்ரோனியஸ் தீட்டிய கலமே, திருட்டுத்தனமாகத் தோண்டியெடுத்தது என்பதால் 2008-இல் இத்தாலிக்குத் திரும்பிப் போனது. ஏற்றுமதிக் காகிதம் இல்லாவிட்டால் நாம் எம்மாத்திரம்?

இன்னொன்று: மயோலிகாவின், அதாவது இந்தச் சாடி போன்ற இத்தாலிய வண்ண மண்கலங்களின், வெள்ளைப் பூச்சில் வெள்ளீயத்தோடு ஈயமும் உண்டு. புளிப்பு பட்டால் ஈயம் கசியும். ஊறுகாய் போட்டு வைக்காதீர்கள். காய்ந்த பூக்கள் போதும்.

வந்தவர் முகம் வாடிவிட்டது. எவ்வளவுதான் பெறும் என்று கேட்டார். அந்த முத்திரையைச் சுரண்டாமல் விட்டிருந்தால் நல்ல பட்டறையின் நகல் என்றாவது ஒரு விலை கிடைத்திருக்கும் என்றேன்.