லீச்சிங்: கழுவுதலா, கரைத்தெடுப்பா?

சிங்கப்பூர்த் தேக்காவில் 916 முத்திரை பார்த்து நகை வாங்குகிறோம். சுரங்கத் தங்கம் பாறையை விட்டு வெளிவரும் வழியில், அதைக் கரைசலாக்கிப் பிரிக்கும் 'லீச்சிங்' என்றொரு படி உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'நனை, நீர் பாய்ச்சு' என்று பொருள்படும் வினையோடு உறவுள்ள சொல் இது. விறகுச் சாம்பலில் நீர் ஊற்றிக் காரநீர் வடித்ததையும் இப்படியே சொன்னார்கள். அட்டையைக் குறிக்கும் 'லீச்' வேறு சொல்.

தமிழகப் பாடநூல் இதை 'வேதிக்கழுவுதல்' என்கிறது. நமக்கு இதில் உடன்பாடில்லை. கழுவினால் அழுக்குதான் நீரோடு போகும். இங்கே நீரோடு போவது தங்கம். புளியை நினைத்துப் பாருங்கள்: ஊறவைத்துக் கரைத்து, கரைசலை வைத்துக்கொண்டு சக்கையை எறிகிறோம். ஆகவே 'கரைத்தெடுப்பு' என்பதே பொருந்தும். மிஞ்சும் கழிவு 'சக்கை'.

தங்கத்தைச் சயனைடில் கரைத்தெடுக்க, வேதியியலர் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் அடிப்படை. தாதுவை ஏறத்தாழ 75 மைக்ரான் நுண்மைக்கு அரைத்துக் கூழாக்கி, சுண்ணாம்பிட்டு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சை 10.5 அளவில் (காரநிலையில்) நிறுத்திய பிறகே சோடியம் சயனைடு சேர்ப்பார்கள். சுண்ணாம்பு குறைந்து பிஎச் இறங்கினால் சயனைடு நச்சு வாயுவாகப் பறந்துவிடும்: ஆளுக்கும் ஆபத்து, சரக்கும் வீண். தொட்டிக்குள் காற்றும் குமிழியிட வேண்டும். ஆக்சிஜன் இல்லையேல் தங்கம் கரையாது. ஒரு நாள் அளவில் கரைந்ததை, கிளர்வூட்டிய தேங்காய்ச் சிரட்டைக் கரி பிடித்துக்கொள்ளும்.

சில தாதுக்கள் இதற்கு மசிவதில்லை. அவற்றுக்கான ஆங்கிலச் சொல் 'ரிஃப்ராக்டரி'. லத்தீன் மூலத்துக்குப் பொருள் 'பிடிவாதமான'. அகராதி பார்த்து 'வெப்பந்தாங்கும் தாது' என்று எழுதுவது பெரும்பிழை. அது உலைச் செங்கல்லுக்குரிய பொருள். இந்தத் தாதுவைத் திறக்கும் வழிகளில் ஒன்றே வறுத்தல்தான். 'இணங்காத் தாது' என்போம்.

இணங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. பைரைட், ஆர்செனோபைரைட் என்னும் கந்தகக் கனிமங்களின் மணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத தங்கம் சிறைப்பட்டிருக்கும். எவ்வளவு அரைத்தாலும் சயனைடு அதைத் தொடாது. அந்தக் கந்தகக் கனிமத்தை முதலில் உடைக்க வேண்டும்: வறுத்தோ, உயரழுத்தக் கலனில் ஆக்சிஜன் செலுத்தியோ, 40 டிகிரி வெப்பத்தில் பாக்டீரியாவை விட்டோ.

மற்றது, தாதுவிலேயே இருக்கும் கரிமம், கரைந்த தங்கத்தைத் திருடிக்கொள்வது. நமக்குப் பக்கத்திலேயே, மலேசியாவின் பகாங் மாநிலத்துப் பென்ஜோம் தங்கச் சுரங்கம் இதனோடு போராடியது. கரிமத்தை முந்திக்கொண்டு தங்கத்தைப் பற்ற, சிரட்டைக் கரிக்குப் பதிலாகச் செயற்கைப் பிசின்மணிகளைத் தொட்டியில் இட்டார்கள்.

தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், 2001இல் சுரங்கம் மூடிய பின்னும் குன்று குன்றாகக் கிடப்பது, தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் மிஞ்சிய இந்தச் சக்கைதான்.