ஈயச் சட்டிக்குள் ஒளிந்திருந்த ஈரம்

வாசகர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “ஈயம் உருக்கும் மின்சாரச் சட்டியில் தூண்டிலுக்கான குண்டுகள் வார்ப்பேன். பல மாதம் மூலையில் கிடந்த சட்டியை மழைக்காலத்தில் எடுத்து, சுவிட்சைப் போட்டதும் மின்கசிவு பிரேக்கர் விழுந்துவிட்டது. 1,000 வாட் ஹீட்டர்; மல்டிமீட்டரில் 53 ஓம் காட்டுகிறது. சட்டியின் உடலுக்கும் ஹீட்டர் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தால் பீப் சத்தம் வரவில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை. கடைசியில் ஹீட்டரின் இரண்டு வயர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும்போது, கவனக்குறைவாக இடம் மாற்றிப் பூட்டிவிட்டேன். இப்போது ஓடுகிறது! எப்படி?”

கடைசி இரண்டு வரிகளுக்காகவே இந்தக் கட்டுரை. அதற்குமுன் சில கணக்குகளை முடித்துவிடுவோம்.

மின்னழுத்தம் 230 வோல்ட் என்றால், அதன் வர்க்கத்தை 53-ஆல் வகுக்க ஏறத்தாழ 1,000 வாட் வருகிறது. ஆகவே காயில் அறுந்துபோகவில்லை. பல்பின் டங்ஸ்டன் இழையைக் குளிர்ந்த நிலையில் அளந்து இப்படிக் கணக்குப் போட முடியாது; சூடேறினால் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஹீட்டரில் இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. செஞ்சூட்டிலும் அதன் மின்தடை சில விழுக்காடுதான் மாறும். தெர்மோஸ்டாட்டும் நிரபராதியே. சட்டி சூடாகவே இல்லை, அல்லது சூடு நிற்காமல் ஏறுகிறது என்றால் அதைச் சந்தேகிக்கலாம். மின்கசிவு பிரேக்கர் விழுவது வேறு வகைப் புகார். ஃபேஸ் வழியே போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பவில்லை, வேறெங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வீடுகளில் பொருத்தப்படும் பிரேக்கர் பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் ஒழுகினாலே விழும் வகை.

எங்கே ஒழுகுகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்று மேடையேறுகிறது.

இத்தகைய சட்டிகள் பலவற்றில் இருப்பது குழாய் வடிவ ஹீட்டர். உலோகக் குழாயின் நடுவே நிக்ரோம் சுருள். சுருள் குழாயைத் தொட்டால் உடலெங்கும் மின்சாரம் பாயும்; தொடாமல் விலகி நின்றால் வெப்பம் வெளியே வராமல் சுருளே கருகும். ஆக, நடுவில் இட்டு நிரப்பும் பொருள் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்த வேண்டும், மின்சாரத்தை அறவே கடத்தக்கூடாது. இது எளிதில் கிடைக்கும் வரன் அல்ல. உலோகங்களில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சுமப்பது ஒரே கூலியாள், எலெக்ட்ரான். ஒன்றை நன்றாகக் கடத்தும் உலோகம் மற்றதையும் நன்றாகக் கடத்தும் என்பதை வீடமன், ஃபிரான்ஸ் என்ற இரு ஜெர்மன் இயற்பியலாளர்கள் 1853-லேயே கவனித்துவிட்டார்கள்.

மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளில் இந்தக் கூலியாள் இல்லை. எலெக்ட்ரான்கள் அயனிகளோடு இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. எனவே மின்சாரம் போக வழியில்லை. ஆனால் மக்னீசியமும் ஆக்சிஜனும் எடை குறைந்த அணுக்கள், அவற்றுக்கு இடையிலான பிணைப்போ விறைப்பானது. ஒரு முனையில் அதிர்ந்தால் அந்த அதிர்வு படிகத்தினூடே வேகமாக ஓடும். அந்த அதிர்வுதான் வெப்பம். இழுத்துக் கட்டிய கயிற்றின் ஒரு நுனியைச் சுண்டினால் மறுநுனி துடிக்கிறதே, அதுபோல. கயிறு இடம்பெயர்வதில்லை, துடிப்பு மட்டும் போகிறது. குறையில்லாத மக்னீசியம் ஆக்சைடு படிகம் அறை வெப்பநிலையில் துருப்பிடிக்காத எஃகைவிட நன்றாக வெப்பம் கடத்தும். உருகுவதோ 2,800 டிகிரி செல்சியசுக்கும் மேலே; ஈயம் 327 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். இப்படி ஒரு தூளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதைப் போன்ற அடக்கமான பொருள்களின் ஆய்வுக்குக் கிடைக்கும் பணம், கவர்ச்சியான பெயர் சூட்டப்பட்ட புதுப் பொருள்களுக்குக் கிடைப்பதில் ஒரு துளியாவது இருக்குமா என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தூளுக்கு ஒரே ஒரு பலவீனம், தண்ணீர்மேல் ஆசை. குழாயில் நிரப்பியபின் உருட்டி நெரித்து இறுக்கினாலும் துகள்களுக்கிடையே நுண்ணிய இடுக்குகள் மிஞ்சும். அதனால் குழாயின் இரு முனைகளையும் சிலிக்கோன் போன்ற ஒன்றால் அடைத்து சீல் வைக்கிறார்கள். சீலில் விரிசல் விழுந்தால் காற்றின் ஈரம் உள்ளே ஏறி, துகள்களின் மேல் மெல்லிய படலமாகப் படியும். ஒரு பகுதி வேதிமாற்றமடைந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகிவிடும். அதை உடைத்து நீரை வெளியேற்ற 350 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். சட்டியைச் சுற்றியிருக்கும் பகுதி அந்தச் சூட்டை எட்டிவிடும். ஆனால் வயர் பூட்டும் முனைகளோ வேண்டுமென்றே குளிர்ச்சியாக வைக்கப்பட்டவை, அங்கே சுருள் இல்லை, தடித்த கம்பிதான் இருக்கிறது. நடுவிலிருந்து விரட்டப்பட்ட நீராவியும் அங்கே வந்து ஒதுங்கலாம். சில ஹீட்டர்கள் போட்டவுடன் விழுத்தாமல், சில நிமிடம் ஓடியபின் பிரேக்கரை விழுத்துவதன் மர்மம் இதுதான். சட்டிக்கு ராசியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு இருப்பது ஈரப்பதம்.

மீட்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? பீப் சத்தம் வரவேண்டுமானால் மின்தடை சில பத்து ஓமுக்குள் இருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் ஒழுக 7,700 ஓம் போதும். பீப்புக்கு அது வெட்டவெளி, பிரேக்கருக்கு அது திறந்த கதவு. சட்டியைப் பிளக்கிலிருந்து கழற்றி, ஈயம் ஆறியபின், மீட்டரை மெகாஓம் அளவில் வைத்துப் பாருங்கள். இன்னும் சரியானது மின்பணியாளர்கள் வைத்திருக்கும் மெக்கர் என்ற மின்கசிவு சோதனைக் கருவி, அது 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும். ஒரு மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் ஹீட்டரை உலர்த்த வேண்டும். தனியே கழற்றக்கூடியது என்றால் 120 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைக்கலாம். சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் கூடவே கூடாது, ஈயத் தூசு ஒட்டியிருக்கும். ஹைட்ராக்சைடு இந்தச் சூட்டுக்கு அசையாது. ஆனால் கசிவுக்கு முதற்காரணமான ஈரப்படலம் ஓடிவிடும். எர்த் வயரை வெட்டிவிட்டால் பிரேக்கர் விழாது என்று ஆலோசனை சொல்லும் மேதாவிகள் உண்டு. உண்மைதான், விழாது. சட்டியைத் தொடும் கை அந்த எர்த் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இனி அந்த இடமாற்றம். சுருளின் ஃபேஸ் முனையில் 230 வோல்ட். போகப்போகக் குறைந்து, நடுவில் 115. நியூட்ரல் முனையில் ஏறத்தாழ சுழி. ஈரம் ஒரு முனையில் மட்டும் இருக்கிறது, அதன் வழியே உடலுக்கு 6,000 ஓம் பாதை என்று வைத்துக்கொள்வோம். அந்த முனை ஃபேஸில் இருந்தால் 38 மில்லிஆம்பியர் ஒழுகும், பிரேக்கர் விழும். அதே முனை நியூட்ரலில் இருந்தால் தள்ளிவிட அழுத்தமே இல்லை, ஒழுக்கு ஏறத்தாழ நின்றுவிடும். ஓட்டையை அடைக்காமல், தொட்டியின் அடியில் இருந்த ஓட்டையை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். பழுது அப்படியே இருக்கிறது. ஆகவே உலர்த்தும்வரை சட்டியை ஓட்ட வேண்டாம். ஆனாலும் தற்செயலாக ஒரு நல்ல சோதனை செய்துவிட்டீர்கள். இப்போது நியூட்ரல் வயர் பூட்டியிருக்கும் முனையின் சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரிசல் அநேகமாக அங்கேதான் இருக்கும்.