சமதரை மறைக்கும் குறைகள்: பாவித்த பாடசாலை பஸ்ஸில் எஞ்சினும் பிரேக்கும் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கரையோர வீதி ஏறக்குறையத் தட்டையாகவே போகிறது. அந்த வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடும் ஒரு பாடசாலை பஸ்ஸில் தேய்ந்த பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம்), பாதி அடைத்த ரேடியேட்டர், மெலிந்த பிரேக் லைனர் (பிரேக்கில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை) எல்லாம் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு செங்கலடியில் திரும்பி, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை தாண்டி லுணுகலை, பசறைப் பக்கம் ஏறி இறங்கும்போதுதான் அத்தனையும் ஒன்றாக வெளிவரும். அந்த மலைப்பாதை கொடுக்கும் பாரத்தை ஊரிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு விலை பேச வேண்டும்.

விடியப்புறம் போங்கள். முதல் வேலையாக எஞ்சினில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். டீசல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை 17 முதல் 20 மடங்கு வரை நெருக்கும்போது எழும் வெப்பத்தில்தான் டீசல் பற்றுகிறது. ரிங் தேய்ந்திருந்தால் காற்று கீழே கசிந்து அந்த வெப்பம் போதாமல் போகும். சூடான எஞ்சினில் இந்தக் குறை மறைந்துவிடும். நுவரெலியாவில் ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றினால் குளிரைக் காரணம் சொல்லலாம். நம் பக்கத்தில் அதிகாலையிலும் 25 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் அந்தச் சாட்டு எடுபடாது.

ஸ்டார்ட் ஆனதும் வரும் வெள்ளைப் புகை ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட்டால் பயமில்லை. எஞ்சின் சூடான பிறகும் தொடர்ந்தால், எரியாத டீசலோ சிலிண்டருக்குள் இறங்கும் தண்ணீரோ காரணம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை பெரும்பாலும் எயார் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நோசில், டீசல் பம்ப் சம்பந்தப்பட்டது. மூன்றிலும் செலவு குறைந்தது இதுதான்.

எஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையில் தலைகீழாக வையுங்கள். மெல்ல அதிர்ந்தால் சரி. துள்ளி விழுந்தால், அல்லது துளையிலிருந்து புகை விட்டு விட்டு அடித்தால், நெருக்கிய காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. சந்தேகம் வந்தால் மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் (நெருக்கிய காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் இடையில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சின் வேலை காத்திருக்கிறது.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். கரையோரத்தில் உவர்க் கிணற்றுத் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய பஸ்கள் நிறைய உண்டு. அந்த உப்பு குழாய்களின் உள்ளே படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். அலுமினியப் பாகங்களையும் அரிக்கும். துருநிறத் தண்ணீரும் வாயோரத்தில் வெள்ளைப் படிவும் அதற்கு அடையாளம். மூடி திறந்திருக்க எஞ்சினை ஓடவிட்டுத் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டில் (எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகட்டில்) கோளாறு.

அடுத்தது பாரம் ஏற்றிய ஓட்டம். 65 கிலோ நெல் மூட்டை 20 ஏற்றினால் 1300 கிலோ. ஏறக்குறைய 35 பிள்ளைகளின் நிறை அது. உயர் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் படும் பாட்டுக்கு மிக நெருங்கிய சோதனை இது. அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் வெப்ப முள் 80 பாகைக்கும் 95 பாகைக்கும் இடையில் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு நிறுத்தி ஐட்லிங்கில் விட்டு ஒயில் விளக்கைக் கவனியுங்கள். சூட்டில் ஒயில் இளகியபோது அது மினுங்கினால் பெயரிங் தேய்ந்திருக்கலாம். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் வயரைக் கழற்றிவிட்ட பஸ்களும் விற்பனைக்கு வருகின்றன.

எஞ்சின் பழுதானால் பஸ் வழியில் நிற்கும். பிரேக் பழுதானால் நிற்காது. அப்படியிருந்தும் வாங்குபவர்கள் எஞ்சினுக்கு ஒரு மணித்தியாலமும் பிரேக்குக்கு இரண்டு மிதியும்தான் ஒதுக்குகிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள்: மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் 7 டன் பஸ்ஸை ஒருமுறை நிறுத்த, பிரேக் ஏறக்குறைய 10 இலட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. அதே பஸ் 500 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 343 இலட்சம் ஜூல். எஞ்சினும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் (புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) அதில் பெரும்பங்கைத் தாங்காவிட்டால் ட்ரம்கள் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளைகள்) அளவுமீறிச் சூடேறும். சூட்டில் ட்ரம் விரிந்து லைனரை விட்டு விலகும், லைனரின் பிடியும் தளரும், பெடல் கீழே போகும். ஆகவே எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கும் பஸ்ஸில் அது வேலை செய்யாவிட்டால் அதைச் சின்னக் குறையாக எடுக்காதீர்கள்.

ரோசா, கோஸ்டர் போன்ற பஸ்களில் பெரும்பாலும் ஒயில் பிரேக்தான், மிதிக்கு வலுச் சேர்க்கும் வெற்றிட பூஸ்டருடன். எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை பல தடவை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே தாழ வேண்டும். தாழாவிட்டால் பூஸ்டர், வெற்றிடப் பம்ப், ஹோஸ் மூன்றில் ஒன்று பழுது. பிறகு ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்திருங்கள். வெளியே கசிவு இல்லாமலே பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் பம்பின் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் பம்பின்) சீல் உள்ளே கசிகிறது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 தரப் பிரேக் ஒயில் குறைந்தது 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். ஒயில் கறுத்திருந்தால் அதை மாற்றி நெடுங்காலம் ஆகிவிட்டது.

லேலண்ட், டாடா பெரிய பஸ்களில் காற்றழுத்தத்தால் இயங்கும் எயார் பிரேக் இருக்கும். அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர் தேர்வில் கேட்கும் அளவுகளை இங்கேயும் பயன்படுத்தலாம். காற்று முழுதாக நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஒரு நிமிடத்தில் அழுத்தம் 2 பிஎஸ்ஐக்கு (கேஜில் காட்டும் காற்றழுத்த அலகு) மேல் குறையக்கூடாது. பெடலை மிதித்திருக்கும்போது 3. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60க்கு இறங்குமுன் எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வர வேண்டும். எயார் டாங்கியின் அடிவால்வைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் தண்ணீர் வருவது வழமை. ஒயில் கலந்த கறுப்புக் கூழ் வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் (ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கும் ஸ்பிரிங் இருக்கும் உருளைப் பெட்டியின்) வளையத்தை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே நெருங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

கடைசியில் ட்ரம் கழற்ற வேண்டும். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் அந்த பஸ் வேண்டாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போதும். எயார் பிரேக் பஸ்ஸில் லைனரின் தடிப்பு சூவின் (லைனரைப் பொருத்திய வளைந்த தகட்டின்) நடுவில் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். ட்ரம்மின் உள்முகத்தில் நீலம் பாரித்த திட்டும் ஆழமான வெடிப்பும் பழைய அதிக சூட்டைச் சொல்லும். லைனரில் கிரீஸ் நனைந்திருந்தால் ஹப் சீல் (சக்கர மையத்தின் கிரீஸ் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது. மாரி வெள்ளத்தில் ஓடிய பஸ்ஸாக இருந்தால் ஹப் கிரீஸ் பால்நிறமாக மாறியிருக்கும். கடற்கரைப் பக்கம் நிறுத்திவைத்த பஸ்ஸில் சேசிஸை ஒட்டிப் போகும் இரும்புப் பிரேக் குழாய்களை, கவ்விகள் பிடிக்கும் இடத்தில் துணியால் துடைத்துப் பாருங்கள். உப்புக்காற்றின் ஈரம் தங்கி, குழாய் முதலில் உளுப்பது அங்கேதான். மேலே பெயின்ட் பூசியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள்.

பஸ்ஸை வாங்கினால், பிள்ளைகளை ஏற்றுமுன் பிரேக் ஒயில், ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர் சீல்கள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளலாம்.