போர்வீரனும் மந்திரவாதியும் எந்தச் சுற்றில் சமமாகிறார்கள்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே விதிப்புத்தகம், ஒரே லெவல். ஒரு குழுவில் ஆடும்போது மந்திரவாதிதான் எல்லாச் சண்டையையும் முடித்துவைக்கிறார். இன்னொரு குழுவில் போர்வீரன் இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் கிளாஸ்களை (போர்வீரன், மந்திரவாதி போன்ற கதாபாத்திர வகைகளை) சமமாக வடிவமைத்திருக்கிறோம் என்று சொல்வதெல்லாம் பொய்யா?"

பொய் இல்லை. சமநிலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கதாபாத்திரத் தாளில் எழுதியிருக்கும் எண்களில் அதில் பாதிதான் இருக்கிறது. ஒரு நீண்ட ஓய்வுக்கும் (தீர்ந்த சக்திகள் திரும்பும் தூக்கம்) அடுத்த நீண்ட ஓய்வுக்கும் நடுவே எத்தனை சுற்று (ஒவ்வொருவரும் ஒருமுறை ஆடி முடிப்பது) சண்டை நடக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பள்ளிக்கூட நிகழ்தகவு போதும்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஐந்தாம் லெவல். போர்வீரனுக்கு வலிமை 18, மந்திரவாதிக்கு அறிவுத்திறன் 18. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்குத் தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 15. ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5, இருபதுமுகப் பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் 5 சதவீத வாய்ப்பு. இவ்வளவுதான் முன்தேவை.

முதலில் போர்வீரன். தாக்குதலுக்கு அவருக்கு +7 கிடைக்கிறது (வலிமையால் 4, தேர்ச்சியால் 3). 15-ஐத் தொடப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், அதாவது 20 முகங்களில் 13, 65 சதவீதம். பெரிய வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. வலிமை 4-ஐச் சேர்த்தால் அடி ஒன்றுக்கு 11. இருபது விழுந்தால் பகடை இரட்டிப்பாகும். அதனால் 5 சதவீத நேரம் கூடுதலாக 7. ஆக ஒரு வீச்சின் எதிர்பார்ப்பு 0.65 × 11 + 0.05 × 7 = 7.5. ஐந்தாம் லெவலில் சுற்றுக்கு இரண்டு வீச்சு, எனவே சுற்றுக்கு 15. இது தீர்ந்துபோகாத 15. காலையில் முதல் சண்டையிலும் 15, இருட்டும்போது ஆறாவது சண்டையிலும் 15. இதற்கு மேல் ஒவ்வொரு குறு ஓய்வுக்கும் (சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் சிறு இளைப்பாறல்) ஒருமுறை 'ஆக்‌ஷன் சர்ஜ்' உண்டு: ஒரே சுற்றில் இன்னொரு முழுத் தாக்குதல், இன்னொரு 15.

மந்திரவாதியின் கணக்கு வேறு மாதிரி. அவரிடம் இருப்பது ஸ்லாட் என்ற கையிருப்பு, ஒரு மந்திரத்துக்கு ஒன்று செலவாகும்: முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2. மூன்றாம் நிலையில் ஃபயர்பால், எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. எதிரி தப்பும் முயற்சியில் ஜெயித்தால் பாதிதான். மந்திரத்தின் கடினம் (தப்புவதற்கு எதிரி எட்ட வேண்டிய எண்) 15, அவர் பகடையோடு கூட்டும் சுறுசுறுப்பு +2 என்றால் 60 சதவீதம் தோற்பார். ஆளுக்குச் சுமார் 22. மூன்று பேர் வட்டத்துக்குள் சிக்கினால் ஒரு ஃபயர்பாலுக்கு 67. இரண்டாம் நிலை ஸ்லாட்டில் ஸ்கார்ச்சிங் ரே: மூன்று கதிர், கதிருக்கு 4.9, மொத்தம் 14.7. முதல் நிலையில் மேஜிக் மிஸைல் தவறவே தவறாது, 10.5. எல்லாம் தீர்ந்தபிறகு ஸ்லாட் கேட்காத ஃபயர் போல்ட்: சுற்றுக்கு 7.7. ஒரு நாளில் ஒருமுறை, குறு ஓய்வின்போது மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்றைத் திரும்பப் பெறலாம். ஆகவே முழு நாளுக்கு மூன்று ஃபயர்பால்.

இப்போது ஒரு நாளில் ஒரே சண்டை, அதுவும் நான்கே சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்வீரன் 60, சர்ஜ் 15, மொத்தம் 75. மந்திரவாதி இரண்டு ஃபயர்பால், இரண்டு ஸ்கார்ச்சிங் ரே: 163. இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த முதல் குழுவில் நடப்பது இதுதான்.

அதே நாளை ஆறு சண்டையாக நீட்டுங்கள். சண்டைக்கு நான்கு சுற்று வீதம் 24 சுற்று, நடுவில் இரண்டு குறு ஓய்வு. போர்வீரன்: 24 × 15 = 360, மூன்று சர்ஜுக்கு 45, மொத்தம் 405. மந்திரவாதி: மூன்று ஃபயர்பால் 201, மூன்று ஸ்கார்ச்சிங் ரே 44, நான்கு மேஜிக் மிஸைல் 42. பத்துச் சுற்றில் கையிருப்பு காலி. மிச்சம் 14 சுற்றும் ஃபயர் போல்ட், 108. கூட்டினால் 395.

405-க்கு 395. முற்றிலும் வேறுபட்ட இரண்டு இயந்திரங்கள், ஒன்று சீராக ஓடுவது, இன்னொன்று வெடித்துத் தணிவது, ஒரு நாளின் முடிவில் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஆட்டத்தை நடத்துபவருக்கான அந்தப் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கையேடு, ஒரு குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைத் தாங்கும் என்று சொல்கிறது. இருவரின் மொத்த அடியையும் சுற்றுவாரியாகக் கோடுகளாக வரைந்தால், அவை வெட்டிக்கொள்வது ஏறத்தாழ 23-ஆம் சுற்றில். அதற்கு முன்னால் நாளை முடித்துக்கொள்ளும் குழுவில் மந்திரவாதி ராஜா. எட்டுச் சண்டை வரை இழுக்கும் குழுவில் போர்வீரன் 525, மந்திரவாதி 457.

இந்த வெட்டுப்புள்ளி எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதையும் பாருங்கள். ஃபயர்பாலில் மூவருக்குப் பதிலாக இருவர் சிக்கினால் அது 14-ஆம் சுற்றுக்கு வந்துவிடுகிறது. நால்வர் சிக்கினால் 32-க்குப் போகிறது. ஒரு எதிரி கூடக்குறைய நிற்பது, ஒன்பது சுற்றுச் சண்டைக்குச் சமம். எதிரிகளை எப்போதும் கும்பலாக நிறுத்தும் கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்), தான் அறியாமலே மந்திரவாதிக்கு இரண்டு சண்டை பரிசளிக்கிறார். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) உள்ள காப்லின் என்ற குட்டி எதிரிமேல் 28 விழுந்தால் 21 வீண். பலவீனமான எதிரிகளுக்கு எதிரே ஃபயர்பாலை மதிப்பிடும்போது ஆளுக்கு 22 என்று போடாமல், அவர்களின் ஹிட் பாயிண்டை உச்சவரம்பாகப் போட வேண்டும். புதிதாக ஸ்பெல் (மந்திரம்) எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

அடிக்கணக்கு மட்டுமே கிளாஸ் ஆகிவிடாது. இரண்டாம் நிலை ஸ்லாட்டில் ஸ்கார்ச்சிங் ரே விடாமல் எதிரித் தலைவனை இரண்டு சுற்று அசையவிடாமல் கட்டிப்போட்டால், அதன் மதிப்பு அந்தத் தலைவன் அடித்திருக்கக்கூடிய அடி. அதையும் எண்ணாக்க முடியும்: அவன் சுற்றுக்குச் சராசரியாக எவ்வளவு அடிப்பான், கட்டு எத்தனை சதவீதம் பிடிக்கும், எத்தனை சுற்று நிற்கும், மூன்றையும் பெருக்குங்கள். போர்வீரன் பக்கம் உடல்வலு சேர்கிறது. உடலுறுதி 14 என்றால் ஐந்தாம் லெவலில் அவருக்கு 44 ஹிட் பாயிண்ட், மந்திரவாதிக்கு 32.

இந்தச் சமநிலையை வேறு வழிகளிலும் முயன்றிருக்கிறார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ். இரண்டாம் லெவலை எட்டப் பூசாரிக்கு 1,500 அனுபவப் புள்ளி, போர்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. அதாவது சமநிலையை ஒரு நாளில் தேடாமல் மாதக்கணக்கில் ஆடும் ஆட்டம் முழுவதிலும் பரப்பினார்கள்: மந்திரவாதி ஆரம்பத்தில் நோஞ்சான், பிழைத்து மேலே வந்தால் பலசாலி. நடுவில் ஆட்டம் நின்றுபோனால் அந்தக் கணக்கு முடிவதே இல்லை. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு நேர் எதிராகப் போனது. எல்லாக் கிளாஸுக்கும் ஒரே சட்டகம்: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. எண்கள் அழகாகச் சமமாயின. ஆனால் எல்லாக் கிளாஸும் ஒன்றுபோலவே ஆடுகிறது என்று பலர் குறைப்பட்டார்கள். என் கணிப்பில் ஐந்தாம் பதிப்பின் வழிதான் சிறந்தது. வடிவம் வேறாக இருக்கிறது, கூட்டுத்தொகை நெருங்கியிருக்கிறது. அதற்கு விலை, நாளின் நீளத்தை மேஜை காப்பாற்றியாக வேண்டும்.

உங்கள் மேஜையில் மந்திரவாதி மிஞ்சிப்போனால் அவருடைய ஸ்பெல்லை வெட்ட ஓடாதீர்கள். ஒரு சண்டை முடிந்ததும் படுத்துத் தூங்கும் வழக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதையில் கெடு வையுங்கள். தாமதித்தால் எதிரி எதையாவது முடித்துவிட வேண்டும். அது சரிவராத, பயணம் நிறைந்த கதைகளுக்கு அதே கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: குறு ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள். வாரத்துக்கு ஆறு சண்டை வந்தாலே கணக்கு சரியாகிவிடும். கவனம்: எட்டு மணி நேரம் நிற்கும்படி எழுதப்பட்ட காப்பு மந்திரங்கள் இந்த விதியில் பலவீனமாகும்.

சொந்தமாகக் கிளாஸ் எழுதுகிறவர்கள் ஆர்மரில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். +1 என்பது எல்லா இடத்திலும் ஒரே +1 இல்லை. எதிரி 50 சதவீதம் தொடுகிறான் என்றால் +1 ஆர்மர் அதை 45 ஆக்கும். வாங்கும் அடி பத்தில் ஒரு பங்கு குறையும். எதிரி ஏற்கெனவே 10 சதவீதம்தான் தொடுகிறான் என்றால் அதே +1 அதை 5 ஆக்கி, அடியைப் பாதியாக்கிவிடும். கேடயம், மந்திரம், கிளாஸ் சலுகை என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவிட்டால் கடைசிப் படிதான் ஆட்டத்தை உடைக்கிறது. ஆகவே ஆர்மர் தரும் சலுகை எதுவும் இன்னொன்றோடு சேராது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது சோதனை ஆட்டம். இங்கேதான் கணக்கை நம்பாமல் பகடையின் "ராசியை" நம்பும் பழக்கம் உள்ளே நுழைகிறது. மேலே சொன்ன போர்வீரனின் 15-க்கு, சுற்று ஒன்றில் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 8.6. நான்கு சுற்றுச் சண்டையில் எதிர்பார்ப்பு 60. ஆனால் 43 முதல் 77 வரை எங்கே நின்றாலும் அது சாதாரணம். ஒரே ஒரு சண்டையை வைத்து "இந்தக் கிளாஸ் மோசம்" என்று தீர்ப்புச் சொல்வதும், "இந்தப் பகடை எனக்குக் கைராசி" என்பதும் ஒரே மூடநம்பிக்கைதான். பகடைக்கு முந்தைய வீச்சு ஞாபகம் இருக்காது. பகடையின்மேல் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் 200 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு முகமும் 10 முறை வரவேண்டும். வந்த எண்ணிக்கையிலிருந்து 10-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 10-ஆல் வகுத்து, இருபது முகத்துக்கும் கூட்டுங்கள். 30.1-ஐத் தாண்டினால் அந்தப் பகடையை ஒதுக்கிவைக்கலாம். நேர்மையான பகடை அப்படித் தாண்ட 5 சதவீத வாய்ப்பே உண்டு.

புதிய கிளாஸை 1, 5, 11, 17 ஆகிய லெவல்களில் சோதியுங்கள். ஐந்தாம் பதிப்பில் சுற்றுக்கு அடிக்கும் அடி தாவி ஏறுவது பெரும்பாலும் 5, 11, 17-இல்தான். அந்தத் தாவலைத் தவறவிட்ட கிளாஸ் அங்கேயே பின்தங்கும். ஒவ்வொரு லெவலிலும் ஒரு முழு நாள், அதாவது 24 சுற்று, ஆடவிடுங்கள். ஒரு தாளில் சுற்றுவாரியாக மூன்றை மட்டும் குறியுங்கள்: அடித்த அடி, தடுத்த அடி, ஒன்றும் செய்ய முடியாமல் போன சுற்று. மூன்றாவது பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கூட்டுத்தொகை சமமாக இருந்தும் 24-இல் ஆறேழு சுற்று சும்மா நிற்கும் கிளாஸை யாரும் மறுபடி எடுக்கமாட்டார்கள். பிறகு திருத்தம். அடியின் அளவைத் தொடாதீர்கள். நாளுக்கு எத்தனை முறை என்பதை ஒன்று கூட்டியோ குறைத்தோ மறுபடி 24 சுற்று ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றினால்தான், வந்த வித்தியாசம் எதனால் என்று சொல்ல முடியும்.