'மறைநிலை' யாரிடமிருந்து மறை?

எங்கள் வீட்டுக் கணினி கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில் ஒரே முற்றத்தில் நாங்கள் மூன்று குடும்பம்: கீழே நாங்கள், மாடியில் அண்ணன், பின்பக்கம் பெரியம்மா. கணினி ஒன்றுதான். பள்ளியில் தமிழ்ப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் எழுத்துப் பழகட்டும் என்று குரோம் உலாவியை நான்தான் தமிழுக்கு மாற்றி வைத்தேன்.

கொஞ்ச நாள் முன்பு அண்ணன் மகளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஏதோ சந்தேகம். வீட்டில் கேட்கக் கூச்சம். பார்த்த பக்கங்களைக் கணினியில் பதிந்து வைக்காத சாளரம் ஒன்று குரோமில் உண்டு, ஆங்கிலத்தில் இன்காக்னிட்டோ, தமிழில் 'மறைநிலைச் சாளரம்'. அதைத் திறந்து தேடிக்கொண்டிருந்தாள். பெரியம்மா சின்ன வயதில் கோவில் வகுப்பில் தமிழ் படித்தவர். திரையில் இருந்த சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். உடனே எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "கி தோ பே காஸ்யெத்?" என்ன மறைக்கிறாய்? அந்தப் பெண் அன்று இரவு சாப்பிடவில்லை.

பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார். தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. வகுப்பிலும் வாட்ஸப்பிலும் பயிற்சித் தாள்களிலும் இந்த 'மறைநிலை'யை எத்தனையோ முறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். இனி முடியாது.

மூலச் சொல் இன்காக்னிட்டோ. இத்தாலியம் வழியாக வந்தது, லத்தீன் வேரில் 'அறியப்படாத' என்று பொருள். பெரிய இடத்து மனிதர்கள் வேறு பெயரில் பயணம் போவதைக் குறித்த சொல். நம் கதைகளில் ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போவாரே, அதுதான். 2008-ல் குரோம் வந்தபோதே இந்தப் பெயரும் தொப்பி, கண்ணாடி போட்ட படமும் வந்துவிட்டன. ஆனால் 2005-லேயே ஆப்பிளின் சஃபாரியில் இந்த வசதி இருந்தது. அங்கே பெயர் 'பிரைவேட்'. லத்தீனில் ப்ரிவாத்துஸ் என்றால் அரசுப் பதவி இல்லாதவர், பொது வாழ்விலிருந்து பிரிந்து நிற்பவர். அந்தச் சொல்லுக்கு அடி பிரிதல், மறைதல் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பிரெஞ்சு மொழியில் குரோமே இன்காக்னிட்டோ என்று சொல்வதில்லை, 'நவிகாசியோன் ப்ரிவே', அதாவது தனிப்பட்ட உலாவல், என்கிறது. மொரீஷியஸில் பலர் அந்தப் பெயரில்தான் இதைப் பழகியிருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் யாரையும் என்ன மறைக்கிறாய் என்று கேட்டதில்லை. பிரெஞ்சுக்கு மாற்றியவர் பொருளைப் பார்த்தார். தமிழுக்கு மாற்றியவர் தொப்பியையும் கண்ணாடியையும் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

மறை என்பது நல்ல பழைய சொல். "அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்" என்கிறார் வள்ளுவர். அங்கே மறை என்றால் பிறர் நம்பிச் சொன்ன ரகசியம். ஆனால் இன்றைக்கு 'மறை'யோடு சேர்ந்து நம் காதில் விழுவது என்ன? தலைமறைவு, மூடிமறைத்தல், மறைமுகக் கட்டணம். ஒன்றிலாவது நல்ல வாசனை உண்டா? இந்தக் கூட்டத்தில் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் மருத்துவச் சந்தேகத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுகிறவரை 'மறைந்திருக்கிறார்' என்று நாம் சொல்வதில்லையே.

அதைவிடப் பெரிய குறை, அந்தச் சாளரம் உண்மையில் எதையும் மறைப்பதில்லை. அது செய்வது இவ்வளவுதான்: போய்வந்த பக்கங்களின் வரலாற்றை அந்தக் கணினியில் எழுதி வைக்காது, சாளரங்களை மூடியதும் குக்கிகளை, அதாவது தளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளை, அழித்துவிடும். இறக்கிய கோப்பு இறக்கிய இடத்திலேயே கிடக்கும். போட்ட புத்தகக்குறி அப்படியே இருக்கும். நீங்கள் போன தளத்துக்கு நீங்கள் வந்தது தெரியும். இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கும், அலுவலகக் கணினி என்றால் அலுவலகத்துக்கும் தெரியக்கூடும். இந்தக் குழப்பம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. மறைநிலையில் உலாவும்போதும் தகவல் சேர்க்கிறது என்று 2020-ல் பயனர்கள் குரோமை உருவாக்கிய கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசமாகி, சேர்த்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த வருடமே சாளரத்தின் அறிவிப்பையும் திருத்தி, தளங்கள் தகவல் சேர்ப்பது இதனால் மாறாது என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் பெயரே ஆளை ஏமாற்றியது என்றால், தமிழில் 'மறை' என்று அடித்துச் சொல்வது இன்னும் மோசம். உள்ளே இருப்பவருக்குப் பொய்யான தைரியம், வெளியே இருப்பவருக்கு வீணான சந்தேகம்.

பலர் ஒரு கணினியைப் பகிரும் வீட்டில் மூன்று வெவ்வேறு வேலைகள் உண்டு. மூன்றையும் 'மறை' என்ற ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள். விண்டோஸில் ஒரு கோப்பை மறைத்து வைத்தால் அது மறைத்தல்தான், அங்கே சொல் பொருந்துகிறது. பட்டியலில் ஒரு டிக் அடித்தால் மறுபடி தெரிந்துவிடும். லினக்ஸில் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைப்பதும் அப்படியே. இரண்டாவது பூட்டுதல். ஆளுக்கொரு பயனர் கணக்கு, கடவுச்சொல், அதுவும் போதாதென்றால் குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றி வைப்பது. நிர்வாகி உரிமை உள்ளவர் அடுத்தவர் கணக்கின் கோப்புகளைத் திறந்துவிட முடியும் என்பதால் குறியாக்கத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். பூட்டிய பெட்டி எல்லார் கண்ணுக்கும் தெரியும், திறக்கத்தான் முடியாது. இதற்கும் சிலர் 'மறையாக்கம்' என்று எழுதுகிறார்கள்! மூன்றாவதுதான் நம் சாளரம். அது மறைக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. தடம் விடாமல் போகிறது.

அதனால் என் சொல் 'தடம்விடாச் சாளரம்'. உலாவுவதைச் சொன்னால் 'தடம்விடா உலாவல்'. இணையத்தில் தடம் விழத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். சரிதான். அதற்காகத்தான் 'இந்தக் கணினியில்' என்ற இரண்டு சொல்லை அறிவிப்பின் முதல் வரியிலேயே வைக்க வேண்டும். 'மறைநிலை'க்கு எத்தனை வரி விளக்கம் எழுதினாலும் அதன் வாடை போகாது.

மற்ற போட்டியாளர்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 'தனியார் உலாவல்' என்று ஒரு தாளில் பார்த்தேன். தனியார் என்றால் தனியார் பள்ளி, தனியார் பேருந்து. இயந்திரம் துப்பியதை மனிதர் ஒருவர் படித்துப் பார்க்காமல் அச்சடித்திருக்கிறார். 'கமுக்கம்' தனித்தமிழ் அன்பர்களின் பரிந்துரை. எனக்கும் தனித்தமிழ் பிடிக்கும், ஆனால் "கமுக்கமா இருக்கான்" என்று யாரைச் சொல்கிறோம் என்று யோசித்தால் போதும்.

'அந்தரங்கம்' வடமொழி. உள்ளுறுப்பு என்ற பொருளில் வந்து, பகிரங்கத்துக்கு எதிராக நிற்கிறது. அழகான ஜோடி. ஆனால் பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதிகள் அந்தச் சொல்லைப் படுக்கையறையில் அடைத்துவிட்டன. 'தனியுரிமை' சட்டத்துக்குச் சரி. எங்கள் சிவில் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஒவ்வொருவரின் 'வி ப்ரிவே'யும், அதாவது தனிப்பட்ட வாழ்வும், மதிக்கப்பட வேண்டும் என்கிறதே, அந்த இடத்தில் உரிமை என்று சொல்லலாம். ஒரு சாளரத்தின் பெயராக அது கனம் தாங்காது. அகம் என்ற சொல்தான் எனக்கு ஆசை. உள்ளே என்றும் பொருள், மனம் என்றும் பொருள், வீடு என்றும் பொருள். வீட்டுக்குள் ஒருவருக்கு இருக்கும் உள்வீடு. அதிலிருந்து யாராவது நல்ல கலைச்சொல் கட்டினால் முதலில் கைதட்டுவது நான்தான்.

1998-ல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது இந்தத் தீவுத் தமிழர்கள் கொதித்து எழுந்தோம். தாள்களைத் திரும்பப் பெறும் வரை ஓயவில்லை. ஒரு வரி எங்கே இருக்கிறது என்பதற்கு அவ்வளவு போராடியவர்கள், பிள்ளைகள் தினமும் படிக்கும் திரையில் அந்த வரி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா? மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதிய சொல்லை வீட்டில் வயதானவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

நான் செய்து பார்த்தேன். பெரியம்மாவிடம் 'தடம்விடாச் சாளரம்' என்றேன். "வாசலைக் கூட்டிவிட்டுப் போவது மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம், தெருவில் விழுந்த தடம் மட்டும் அப்படியே இருக்கும் என்றேன்.