டேஷ்: இடைக்கோடு

ஆங்கிலத்தில் 'டேஷ்' என்றால் வேகமாக மோதுவது, அடிப்பது. பேனாவை ஒரே வீச்சில் இழுத்தால் விழும் கோட்டுக்கும் அந்தப் பெயரே வந்தது. தமிழில் இடைக்கோடு. 'ஹைஃபன்' கிரேக்கச் சொல். 'ஒன்றன் கீழ்', அதாவது சேர்த்து என்று பொருள். சேர்த்துப் படிக்க வேண்டிய எழுத்துகளுக்கு அடியில் கிரேக்கர்கள் ஒரு வளைகோடு போட்டார்கள். ஹைஃபனைச் சிறுகோடு என்றும் சொல்கிறோம்; ஆனால் செய்யும் வேலையைச் சொல்வதால் இணைப்புக்குறி என்பதே நல்ல பெயர்.

இடைக்கோட்டில் 'எம்', 'என்' என்று இரண்டு நீளம் உண்டு. 12 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்தில் எம் என்பது 12 புள்ளி, என் அதில் பாதி.

வரி மடங்கும் இடத்தில்தான் சிக்கல். கணினி அறிஞர் டொனால்டு குனூத்தின் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஹைஃபன் விசையை ஒருமுறை தட்டினால் இணைப்புக்குறி, இருமுறை என் கோடு, மும்முறை எம் கோடு. எதுவானாலும் அதற்குப் பின்னால் வரி மடங்கலாம், முன்னால் மடங்காது. யூனிகோடு விதியோ எம் கோட்டுக்கு இரு பக்கமும் மடக்க அனுமதிக்கிறது. அதனால் இணையப் பக்கங்களில் சில வரிகள் கோட்டோடு தொடங்கிவிடுகின்றன. தமிழில் அப்படி வந்தால் யாரோ பேசத் தொடங்குவதுபோல, அல்லது பட்டியல்போலத் தெரியும். வாசகரைக் குழப்பும் இதை விடவே கூடாது. கோட்டுக்கு முன்னால் சாதாரண இடைவெளிக்குப் பதில், வரி மடங்க இடந்தராத முறியா இடைவெளி போட்டால், கோடு முந்தைய சொல்லை விட்டு நகராது.

நமக்கென்றே இன்னொரு தொல்லையும் இருக்கிறது. '2024-இல்', '1981-ஆம்' என்று எண்ணையும் விகுதியையும் இணைப்புக்குறியால் ஒட்டுகிறோம். ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் குறிக்குப் பின் மடக்கினால், அடுத்த வரியில் ஒரு முழுச்சொல் இருக்கும். இங்கேயோ '2024-' மேலே நிற்க, 'இல்' மட்டும் கீழே தனியாக விழும். இரண்டையும் சேர்ப்பதற்காகப் போட்ட குறியே பிரித்துவிடுகிறது!

இதற்கு முறியா இணைப்புக்குறி இருக்கிறது. யூனிகோடில் அதன் பதினறும எண் 2011. வேர்டில் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஹைஃபனைத் தட்டினால் வரும். டெக்கின் மேல் எழுந்த லேடெக்கில் எம்பாக்ஸ் கட்டளைக்குள் அந்தச் சொல்லை வைக்கலாம். சில தமிழ் எழுத்துருக்களில் இந்தக் குறி இல்லை. அப்போது வேறு எழுத்துருவிலிருந்து வந்து உட்கார்ந்து உறுத்தும். அப்படியானால் குறியே வேண்டாம், '2024இல்' என்று சேர்த்தே எழுதலாம். யூனிகோடு விதிப்படி எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே வரி மடங்காது.